சன்ஷேடு விழுவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம் 1984ஆம் ஆண்டு என் அப்பா கட்டிய மாடிக் கட்டடம் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. கீழே சாலையைப் பார்த்தபடி மூன்று கடைகள், மேலே நாங்கள் குடியிருக்கும் வீடு. அப்பா 2016இல் இறந்த பிறகு அதன் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகன் வெளியூரில் படிக்கிறான், நான் பள்ளிக்கூட ஆசிரியை. வாடகை வாங்குவது, வீட்டு வரி கட்டுவது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது ஆகியவற்றுக்கு மேல் ஒரு கட்டடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. 2022 அக்டோபரில் அதன் சன்ஷேடு ஒன்று உடைந்து விழுந்து ஒரு பெண்ணுக்குக் காறை எலும்பு முறிந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக எனக்கு ஆன செலவும் இழப்பும் 9,31,000 ரூபாய். பழைய கட்டடத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் யாருக்காவது பயன்படும் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அறிகுறிகள் ஐந்து ஆண்டுகளாகவே கண்முன் இருந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பக்கத்துத் தோட்டத்துத் தென்னை எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் மேல் சாய்ந்தது. மரத்தை அறுத்து அகற்றினோம், சுவரில் விழுந்த விரிசலில் சிமெண்டை அடைத்தோம், அத்துடன் மறந்துவிட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே விரிசலில் அரசங்கன்று ஒன்று முளைத்தது. நான் அதை ஒவ்வொரு முறையும் கையெட்டும் அளவுக்கு ஒடித்துவிட்டு வந்தேன், அது ஒவ்வொரு மழைக்கும் தழைத்தது. 2019இல் சாலைப் பக்கச் சன்ஷேடுகளின் அடியில் பழுப்புக் கோடுகள் தோன்றின. கோடுகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே இடைவெளியில், நேர்கோட்டில் இருந்தன. உள்ளே இருக்கும் கம்பிகள்தாம் அந்த இடைவெளியில் ஓடுகின்றன என்பது எனக்கு உறைக்கவே இல்லை, மழையில் வழிந்த புழுதிக் கறை என்று நினைத்தேன். அவ்வப்போது தீப்பெட்டி அளவில் பூச்சுத் துண்டுகள் கீழே கிடக்கும். சாயாக் கடை அண்ணாச்சி பெருக்கித் தள்ளிவிடுவார். அந்தச் சன்ஷேடுகளின் மேல் நான் பதினோரு பூந்தொட்டிகளை வேறு வைத்திருந்தேன், தினமும் தண்ணீரும் ஊற்றினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

2022 பிப்ரவரியில் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க முடிவு செய்தேன். வந்த ஒப்பந்தக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பூச்சுதான் டீச்சர் போயிருக்கு, உள்ளே ஒண்ணும் ஆகல" என்றார். தொலைபேசியில் கணவரிடம் சொன்னேன், அவரும் பூசிவிடச் சொன்னார். உடைந்த இடங்களில் தளர்ந்திருந்ததைக்கூட முழுமையாகக் கொத்தி எடுக்காமல், அடிப்பகுதி முழுவதும் புதிய பூச்சு போட்டு, பட்டி பார்த்து, வெளிச்சுவர்ப் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தார்கள். செலவு 1,65,000 ரூபாய். கட்டடம் புதிது போல நின்றது, எனக்கும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னை மேலும் எட்டு மாதம் ஏமாற்றியது. இரண்டு அடி நீட்டமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள சன்ஷேடு ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 110 கிலோ எடை இருக்கும். அதன் அடியில் 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் மீட்டருக்கு இன்னும் 24 கிலோ கூடும். உள்ளே கம்பி அரிபட்டுக்கொண்டிருந்த ஓர் உறுப்பின் மேல் பணம் கொடுத்து எடையை ஏற்றியதோடு, ஆபத்தைக் காட்டிக்கொடுத்த பழுப்புக் கோடுகளையும் நானே அழித்துவிட்டேன். சன்ஷேடின் அடியில் துருக்கறையோ கம்பி போகும் திசையிலேயே விரிசலோ தெரிந்தால், உள்ளே என்ன நிலை என்று பார்க்காமல் பூச விடாதீர்கள். பூச்சுக்காரரின் பார்வை பூச்சோடு நின்றுவிடும். கம்பியைப் பார்க்கத் தெரிந்தவர் வேறொருவர்.

ஐப்பசி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அன்று மாலை தூறலாகியிருந்தது. நான் மேலே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறு நாற்பது இருக்கும். மூட்டையை லாரியிலிருந்து தள்ளியது போன்ற கனத்த சத்தமும், உடனே தகரம் நெளியும் ஓசையும், அதன் பின் கூச்சலும் கேட்டன. தையல் கடையில் பொத்தான் கட்டும் அக்கா, ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சீருடையைக் கொடுப்பதற்காகக் கடை வாசலுக்கு வந்திருக்கிறார். மேல் சன்னலின் சன்ஷேடு சுவரை ஒட்டி முறிந்து, கடையின் தகரச் சரிவில் மோதிச் சிதறி, அதில் ஒரு துண்டு அவருடைய தோளில் விழுந்திருந்தது. தகரம் குறுக்கே இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னர் பொறியாளர் ஒருவர் சொன்னார்: ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தக் கல்லும் தரையை அடையும்போது மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆட்டோவில் அவரைத் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன வழி முழுவதும் அவர் முனகினாரே தவிர அழவில்லை, அழுதது நான். மறுநாள் அறுவைச் சிகிச்சைக்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க டீச்சர், அந்தப் பிள்ளை மேல விழாம என் மேல விழுந்துச்சே" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு பல மாதங்கள் மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

விழுந்த துண்டுகளைக் காவல் நிலையத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர்க் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், அப்பளத்தை அடுக்கி வைத்தது போல ஏடு ஏடாகத் துரு. விரலால் அழுத்தியதும் பொடிந்தது. நடுவே மிஞ்சியிருந்த கம்பியின் விட்டம் பிறகு அளந்தபோது ஐந்தரை மில்லிமீட்டர்தான் இருந்தது. அப்படியானால் குறுக்குவெட்டுப் பரப்பில் பாதிகூட மிஞ்சவில்லை. கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் இருந்த கான்கிரீட் என் சுண்டுவிரல் அகலம்தான். அந்த உடைந்த முகத்தில், ஜல்லிகளுக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒரு துணுக்கில் சிப்பியின் வரிகள்கூட அழியாமல் தெரிந்தன. அப்பா நல்ல மணல் என்று நம்பி வாங்கிய லோடுகளில் ஏதோ ஒன்று கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. கழுவாத மணலில் உள்ள உப்பு, கட்டடம் வார்த்த நாளிலிருந்தே கம்பியோடு உள்ளே குடியிருந்திருக்கிறது. உங்கள் கட்டடத்தில் எங்காவது பூச்சு பெயர்ந்த இடத்தில் சிப்பி தென்பட்டால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது.

காவல் நிலையத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். கடையை வாடகைக்கு விட்டுவிட்டதால் பொறுப்பு கொஞ்சம் குறையுமோ என்ற நப்பாசை எனக்கு இருந்தது. அவர் டெல்லி மணிக்கூண்டு வழக்கைச் சொன்னார். சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த அந்த வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மணிக்கூண்டுக்கு வயது ஏறத்தாழ 80, அந்த வகைச் சாந்தில் கட்டிய கட்டடத்தின் சாதாரண ஆயுளோ 40 முதல் 45 ஆண்டு. பொதுச் சாலையை ஒட்டி நிற்கும் கட்டடத்தைச் சோதித்துப் பராமரிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை, குறை வெளியில் தெரிந்ததானாலும் உள்ளே மறைந்திருந்ததானாலும் பொறுப்பு அவருடையதே என்பது தீர்ப்பின் சாரம். "எனக்குத் தெரியாது" என்பது பதிலாகாது என்று தெரிந்துகொண்டேன். மருத்துவச் செலவு 82,000 ரூபாயை முழுவதும் கொடுத்தேன், அக்காவுக்கு மூன்று மாத வருமானமாக 30,000 ரூபாயும் கொடுத்தேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கொடுத்தாக வேண்டிய பணம் அது.

உள்ளூரில் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், இருவருமே விழுந்தது போக மற்றவற்றைப் பூசிவிடலாம் என்றார்கள். மூன்றாவதாகத் திருவனந்தபுரத்திலிருந்து பழைய கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். கட்டணம் 28,000 ரூபாய். இந்தக் கதையில் நான் செலவழித்ததிலேயே பயனுள்ள பணம் அதுதான். அவர் வந்ததும் முதல் வேலையாக நடைபாதையைக் கயிறு கட்டி மறிக்கச் சொன்னார், மிச்சமிருந்த ஆறு சன்ஷேடுகளுக்கும் இரும்பு முட்டுக் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் சுத்தியலைக் கையில் எடுத்தார். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் "டிங்" என்று கணீரென்ற ஒலி வரும், உள்ளே பிளந்து நிற்பதைத் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். என்னையே தட்டச் சொல்லிக் கேட்க வைத்தார். ஐந்து நிமிடத்தில் எனக்கே வித்தியாசம் பிடிபட்டது. பொத்தென்று ஒலித்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டபோது, எட்டு மாதத்துக்கு முன் பெயிண்ட் அடித்த பரப்பில் பாதி வட்டத்துக்குள் வந்துவிட்டது.

பிறகு ஒரு மூலையைப் புதிதாக உடைத்து ஃபினால்ஃப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்தார். காரத்தன்மை மிச்சமிருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் காரத்தை இழந்த பகுதி நிறம் மாறாது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. எங்கள் சன்ஷேடில் வெளி முகத்திலிருந்து 30 மில்லிமீட்டர் வரை நிறமே வரவில்லை, கம்பியோ 10 மில்லிமீட்டரிலேயே இருந்தது. அதாவது பாதுகாப்பு எல்லை கம்பியைத் தாண்டி என்றைக்கோ உள்ளே போய்விட்டது. அதோடு உப்பும், ஆனி ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி கார்த்திகையில் மறு மழையும் என்று எங்கள் ஊரில் மாறி மாறி நனைவதும் காய்வதும் சேர்ந்துகொண்டன. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்குதலில்தான் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பியில் மின்னழுத்தம் அளக்கும் சோதனையும் செய்தார். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கொள்வார்கள். சாலைப் பக்கத்தில் எல்லா அளவுகளும் அதற்குக் கீழேதான் வந்தன. இந்தியத் தர விதி எண் 456 தன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் கடற்கரைச் சூழலுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்குக் கேட்கிறது. 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் தளங்களுக்கு 15 மில்லிமீட்டரே போதும் என்றிருந்தது. 1980களில் கட்டிய கட்டடங்கள் பலவும் அந்தக் குறைந்த மூடாக்கோடுதான் இன்று நிற்கின்றன.

ஆனால் சன்ஷேடு முறிந்ததற்கு உடனடிக் காரணம் வேறு. பொறியாளர் என்னை மேல் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னார். சன்ஷேடின் மேற்புறத்தில், சுவரைச் சேரும் இடத்தில், பாசி பிடித்த ஒரு விரிசல் நீளமாக ஓடியது. "டீச்சரே, இதுதான் முதலில் பார்க்க வேண்டிய இடம்" என்றார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் தளத்தில் மேற்புறம் இழுபடும், அடிப்புறம் அமுங்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே முக்கியக் கம்பி மேற்புறத்தை ஒட்டி இருந்தாக வேண்டும். வார்க்கும்போது ஆட்கள் கம்பியின் மேல் நடந்து நடந்து அதைக் கீழே அமுக்கிவிடுவது உண்டு. எங்கள் சன்ஷேடில் கம்பி அடிப்புறத்தை ஒட்டிக் கிடந்தது. அந்த மேல் விரிசல் வழியாக மழைநீரும் என் பூந்தொட்டித் தண்ணீரும் இத்தனை காலம் நேராகக் கம்பியின் வேருக்கே இறங்கியிருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் கீழிருந்து அண்ணாந்தே பார்த்திருக்கிறோம். பால்கனியோ சன்ஷேடோ எதுவானாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மேற்புறத்தைப் பார்க்க வேண்டும். வெளியே சாய வேண்டியதில்லை, சன்னலுக்குள் நின்றபடி கைபேசியை ஒரு குச்சியில் கட்டி நீட்டிப் படம் எடுத்தால் போதும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் அது வளர்கிறதா என்று அடுத்த முறை தெரிந்துவிடும்.

பழுதுபார்ப்பு வேலையை மழை ஓய்ந்த பிறகு, 2023 ஜனவரியில் தொடங்கினோம். ஏழில், விழுந்ததன் மிச்சம் உட்படச் சாலைப் பக்கத்து மூன்றை முழுவதுமாக அறுத்து எடுத்துவிட்டு இரும்புச் சட்டத்தில் தகடு பொருத்தினோம். முழுக் கம்பியும் தவறான இடத்தில் இருக்கும்போது அதற்கு மருந்து கிடையாது என்று பொறியாளர் உறுதியாகச் சொன்னார், நான் அப்பா கட்டியது என்று தயங்கியது வீண் தயக்கம். மற்ற நான்கையும் சீர்செய்தோம். இந்த வேலையில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. துருப்பிடித்த கம்பியின் முன் பக்கத்தை மட்டும் கொத்தினால் போதாது. கம்பியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குப் பின்புறமும் கொத்த வேண்டும். அப்போதுதான் கம்பித் தூரிகையால் முழுச் சுற்றளவையும் தேய்க்க முடியும். தேய்ந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதிய கம்பி சேர்த்து, துத்தநாகம் கலந்த காப்புப் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டின் மேல் ஒட்டுப்பசை தடவி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த பழுதுச் சாந்தை அடுக்கடுக்காக வைத்தார்கள். சாதாரண சிமெண்ட் சாந்தை வைத்து முடித்துவிட எங்கள் கொத்தனார் ஒரு நாள் முயன்றார். நான் தடுத்தேன், அன்று வேலை நின்றது, மறுநாள் சரியான சாந்து வந்தது. கம்பியை மூடுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்துப் பொறியாளருக்கு அனுப்ப வேண்டும், வேலை முடிந்து சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்ததால்தான் அப்படித் தடுக்க முடிந்தது. சன்ஷேடின் அடி விளிம்பில் மழைநீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிடும்படி ஒரு சிறு காடியும் வெட்டினோம். கைப்பிடிச்சுவரின் அரசங்கன்றுக்காக நான்கு வரிச் செங்கலைப் பிரித்தபோது வேர் என் கையளவு நீளத்துக்குச் சுவருக்குள் ஓடியிருந்தது. ஒடித்துவிட்ட ஒவ்வொரு முறையும் நான் அதைத் தடிக்க வைத்திருக்கிறேன்.

கணக்கு இது. வீணான பூச்சும் பெயிண்டும் 1,65,000. மருத்துவம் 82,000. அக்காவுக்கு 30,000. மூன்று கடைகளும் நான்கு மாதம் மூடிக் கிடந்ததில் வாடகை இழப்பு 86,000. பொறியாளர் 28,000. சாரம், முட்டு, வலை உட்படப் பழுதுபார்ப்பு 5,40,000. பழுப்புக் கோடு தோன்றிய 2019இலேயே பார்த்திருந்தால் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்திருக்கும் என்று பொறியாளர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் இருக்கும் என் சித்தி மகனிடம் இதைச் சொன்னபோது, "அங்க இதுக்குச் சட்டமே இருக்குக்கா" என்றான். அங்கே 20 ஆண்டுக்கு மேலான, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் வெளிமுகத்தை ஏழு ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தாக வேண்டும் என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. மும்பையில் 30 ஆண்டைக் கடந்த கட்டடங்களுக்கு உறுதிச் சான்று கட்டாயம். நம் ஊரில் ஒரு மாடி, இரண்டு மாடிக் கடைக் கட்டடங்களுக்கு அப்படி யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் ஆட்கள் நடமாடுவது அவற்றின் அடியில்தான். 2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்தபோது ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். அந்தச் செய்தியை நான் அன்றே படித்தேன். படித்துவிட்டு இரண்டே மாதத்தில் என் வீட்டு விரிசலின் மேல் பெயிண்ட் அடித்தேன்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, வைகாசியில் மழை தொடங்கும் முன்னும் தை பிறந்த பிறகும், கொத்தனாரோடு நின்று எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறேன். வாடகை ஒப்பந்தத்தில் பெயர்ப்பலகைக்காகவோ ஏசி வெளிப்பெட்டிக்காகவோ சன்ஷேடிலும் கைப்பிடிச்சுவரிலும் துளையிடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பழைய கான்கிரீட்டில் உப்பு இருக்கும்போது, ஒட்டுப்போட்ட இடத்தை அடுத்த பழைய பகுதியில் துரு வேகம் பிடிக்கும் என்று பொறியாளர் அப்போதே எச்சரித்திருந்தார். சென்ற வாரம் தட்டியபோது, தென்மேற்கு மூலைச் சன்ஷேடில், ஒட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அளவுக்குப் பொத்தென்று ஒலித்தது. சாக்பீஸால் வட்டமிட்டு, அடியில் முட்டுக் கொடுத்து, கடை வாசலில் கயிறு கட்டியிருக்கிறேன். தையல் கடை அக்கா இப்போது பக்கவாட்டு வாசல் வழியாக வந்து போகிறார். வியாழக்கிழமை கொத்துவதற்கு ஆள் வருகிறார்கள்.